இணையப் பெயரும் அதனைப் பெறுமாறும்

பொருள்களுக்குப் பெயரிட்டு வழங்குதல் மக்கட்கு இயல்பான செயலாம். பெயரில்லாப் பொருளைப் பற்றிப் பேசுதலும் அரிது; தேடிக் காண்டலும் அரிது. இவ்வுண்மையை நன்குணர்ந்த நம் இலக்கண ஆசிரியர்கள், காரணமின்றி மரபாக இட்டு வழங்குவதை இடுகுறிப் பெயர் என்றும், ஒரு காரணம் பற்றி வழங்குவதைக் காரணப் பெயர் என்றும் பகுத்துக் காட்டினர். ஆனால், பெயரை ஆண்டுக் கணக்கில் வாடகைக்கு எடுத்தல் கூடும் என்பதும், வாடகை செலுத்தத் தவறின் அப்பெயர் பிறர் கைக்குப் போய்விடும் என்பதும் அவர்கள் கனவிலும் கருதாதவை. அத்தகைய பெயர் இக்காலத்தில் உண்டு. இணையத்தளங்களுக்கு இடப்பெறும் பெயரே அது. டொமைன் என்று கடைத்தெருவிலும், ஆள்களப் பெயர் என்று கலைச்சொல் அகராதிகளிலும் அது வழங்கும். இக்கட்டுரையில் அதனை இணையப் பெயர் என்றே குறிப்போம்.

ஒருவர் கையிலிருந்து, காலம் முடியும் தறுவாயில் உள்ள இணையப் பெயரை மற்றொருவர் முறையாகப் பெறுவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். இது வணிகர்க்கே உரிய செய்தி என்று மாணவர் புறக்கணித்தல் ஆகாது. மயிலாப்பூரிலுள்ள சபாவும், தியாகராய நகரிலுள்ள துணிக்கடையும், அடையாற்றிலுள்ள பள்ளியும், நம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கமும் இன்று இத்தகைய பெயர்களின் வாயிலாகவே தம்மை உலகினர்க்கு அறிவிக்கின்றன. அப்பெயர் கைநழுவிப் போகுமாயின், வாயிற்பலகையோடு வாயிலும் உடன் போயிற்று என்பதே பொருள்.

பெயரும் எண்ணும்

நம் சென்னைத் தெருக்களில் வீட்டு வாயில்தோறும் பழைய எண் ஒன்றும் புதிய எண் ஒன்றும் எழுதப்பட்டிருத்தலை யாவரும் கண்டிருப்பர். எண்ணைக் கொண்டு வீட்டைத் தேடுவோர் படும் இடர் சொல்லுந்தரத்ததன்று. இன்னார் வீடு எங்கே என்று பெயர் சொல்லிக் கேட்பின், தெருமுனைக் கடைக்காரர் உடனே கைகாட்டுவார். இணையத்தின் நிலையும் இதுவே. வலையமைப்பில் சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் அவ்வெண்களை மனத்தில் இருத்துதல் மக்களால் இயலாது. தொடக்கத்தில், எந்தப் பெயர் எந்த எண்ணைக் குறிக்கும் என்னும் அட்டவணை ஒன்று அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துப் பேணப்பட்டது. கணினிகள் பெருகப் பெருக, அவ்வோர் அட்டவணையால் அத்தனைக்கும் ஈடுகொடுக்க இயலாதாயிற்று. ஆதலின், 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார், ஜான் போஸ்டல் என்பாரோடு கலந்து, பெயர்களைப் படிமுறையாகப் பகுத்துப் பலர் பொறுப்பில் விடும் ஓர் அமைப்பை வகுத்தார். இன்றும் உலகம் அவ்வமைப்பின் மீதே இயங்குகின்றது.

டாட் காம் என்னும் ஈற்றைக் கொண்ட பெயர்களுள் முதலாவது 1985-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் பதிவாயிற்று. சிம்பாலிக்ஸ் என்பது அதன் பெயர். இந்தியாவிற்குரிய டாட் இன் என்னும் ஈறு 1989-இல் வழங்கப்பெற்றது. விதேஷ் சஞ்சார் நிகாம் என்னும் அரசு நிறுவனம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, அவ்வாய்ப்பினை முதற்கண் பெற்ற நகரங்களுள் நம் சென்னையும் ஒன்று. டாட் இன் பெயர்களை யாவரும் எளிதிற் பெறும் நிலை 2005-ஆம் ஆண்டு முதல் உண்டாயிற்று. நிக்சி என்னும் அமைப்பு அதனை மேற்பார்க்கின்றது. தமிழ் எழுத்திலேயே முடியும் ஈறுகளும் இன்று உள. டாட் இலங்கை 2010-இலும், டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் ஆகியவை 2011-இலும் ஏற்கப்பெற்றமை தமிழ் மாணவர் மகிழ்தற்குரிய செய்தியாகும்.

தெருப்பெயர்க்கும் இணையப் பெயர்க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எட்வர்டு எலியட்ஸ் சாலை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆயிற்று. மௌபரீஸ் சாலை டி.டி.கே. சாலை ஆயிற்று. ஒருமுறை இட்ட தெருப்பெயரை ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டுவதில்லை. பணம் கட்டாமையால் அப்பெயர் இரவோடிரவாக வேறொருவர்க்கு உரியதாய் விடுவதுமில்லை. இணையப் பெயரோ நிலத்தைப் போல் விலைக்கு வாங்கி வழிவழியாக ஆளும் உடைமையன்று. குத்தகை நிலம் போல்வது. ஒரு முறையில் குறைந்தது ஓராண்டுக்கும், மிகுந்தது 10 ஆண்டுகளுக்குமே அதனைப் பதிவு செய்யலாகும். பெயரை வாங்கினேன் என்று நாம் பேச்சுவழக்கிற் கூறினும், உண்மையில் வாங்கியது ஒரு காலவரையே.

மூவர் பொறுப்பு

ஓர் இணையப் பெயரில் மூவர்க்குப் பங்கு உண்டு. பெயரைத் தம்பாற் கொண்டிருப்பவர் உடையவர். அவரிடம் கட்டணம் பெற்றுப் பெயரைப் பதிவு செய்து கொடுப்பவர் பதிவாளர். இவர் கடைக்காரர் போல்வார். குறித்த ஈற்றில் முடியும் எல்லாப் பெயர்களுக்கும் மூல ஏட்டை வைத்திருப்பது பதிவகம். டாட் காம் ஈற்றிற்கு வெரிசைன் என்னும் அமெரிக்க நிறுவனமே பதிவகம். இவர்கள் யாவரையும் பொது விதிகளால் கட்டுப்படுத்துவது 1998-இல் தோன்றிய ஐகான் என்னும் அமைப்பு. நாட்டுப் பெயர் ஈறுகளுக்கு அவ்வந்நாட்டுப் பதிவகங்கள் தாமே விதி வகுத்துக்கொள்ளும்.

இம்மூவரையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. பெயரை விற்கும் உரிமை உடையவர்க்கே உண்டு. ஆயினும், அவர் காலத்தைக் கடத்திவிட்டால், பெயரின் கதி பதிவாளர் கையிலும், அதன்பின் பதிவகத்தின் கையிலும் படிப்படியாகச் செல்லும். எந்நாளில் யாரிடம் பேசவேண்டும் என்பது இதனால் வேறுபடுகின்றது.

காலம் முடிந்தபின் நிகழ்வன

காலம் முடிந்த மறுநாளே பெயர் பொதுச்சொத்தாகிவிடும் என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. டாட் காம் முதலிய பொது ஈறுகளில் நிகழும் முறை பின்வருமாறு.

காலம் முடிதற்கு ஏறத்தாழ ஒரு திங்களுக்கு முன் ஒருமுறையும், ஒரு கிழமைக்கு முன் ஒருமுறையும் பதிவாளர் உடையவர்க்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். புதுப்பிக்காதவழி, காலம் முடிந்த 5 நாட்களுக்குள் மீண்டும் ஓர் அறிவிப்பு அனுப்பவேண்டும். இவை ஐகான் அமைப்பு 2013-இல் நடைமுறைப்படுத்திய விதிகள்.

காலம் முடிந்தபின் 45 நாள் வரையில் பெயரை வைத்திருந்து, உடையவர் வழக்கமான கட்டணத்தில் புதுப்பித்துக்கொள்ளப் பதிவாளர் இடங்கொடுக்கலாம். இக்காலத்தின் அளவு பதிவாளர்தோறும் மாறுபடும். இவ்விடைக்காலத்தில் தளம் இயங்காது நின்றுவிடும். அல்லது அவ்விடத்தில் விளம்பரப் பக்கம் ஒன்று தோன்றும். தளம் நின்றதைக் கண்டேனும் உடையவர் விழித்துக்கொள்ளட்டும் என்பதே இதன் நோக்கம்.

அப்பொழுதும் புதுப்பிக்காவிடின், பதிவாளர் பெயரை நீக்கிவிடுவார். உடனே 30 நாள் மீட்சிக் காலம் தொடங்கும். இதன்கண்ணும் பழைய உடையவரே மீட்கலாம். ஆனால் வழக்கமான கட்டணத்தினும் பன்மடங்கு மிகுதியாகச் செலுத்தல் வேண்டும். அதுவும் கழிந்தால் 5 நாள் பெயர் உறங்கும். அந்நாட்களில் எவராலும் அதனைத் தீண்டல் இயலாது. அதன்பின்னரே பெயர் விடுதலை பெறும், முந்தியவர் கொள்வர். கூட்டிப் பார்ப்பின், முழுக்காலமும் நீட்டிக்கப்பெறும்போது 80 நாட்கள் ஆகின்றன.

காத்திருத்தலின் கேடு

அங்ஙனமாயின், 80 நாட்கள் பொறுத்திருந்து, சிறிய கட்டணத்தில் பெயரைப் பெற்றுக்கொள்ளலாமே என்று சிலர் வினவலாம். அவ்வழி எளிதெனத் தோன்றினும் எளிதன்று. காரணம் மூன்று.

முதலாவது, நல்ல பெயர் பெரும்பாலும் அந்த இறுதி நாள் வரையில் வந்து சேர்வதே இல்லை. காலம் முடிந்த சில கிழமைகளிலேயே பதிவாளர்கள் பலர் அதனை ஏலத்தில் விடுகின்றனர். கோத்தவால் சாவடி ஏலம் நடந்த காலத்தில் விலை கேட்டவர்கள் ஒருவரையொருவர் நேரிற் கண்டனர். இங்கோ உலகின் எந்த மூலையிலிருந்து எவர் கேட்கின்றார் என்பதை அறியோம்.

இரண்டாவது, ஏலம் போகாது விடுதலை பெறும் பெயர்களைக் கவ்விக்கொள்வதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. அவற்றின் கணினிகள் பெயர் விடுபடும் நொடியை எதிர்பார்த்து, நொடிக்குப் பலமுறை பதிவகத்தின் கதவைத் தட்டியவண்ணம் இருக்கும். மனிதர் விரலால் தட்டச்சு செய்து அவற்றை முந்துதல் குதிரையோடு ஓடிப் பந்தயம் வெல்வதை ஒக்கும்.

மூன்றாவது காரணம் நெஞ்சைப் பற்றியது. ஒருவர் மறதியாலோ, பிணியாலோ, முதுமையாலோ புதுப்பிக்கத் தவறிய பெயரை அவர்க்கு ஒரு சொல்லும் கூறாது பதுங்கியிருந்து எடுத்துக்கொள்ளுதல், விதிப்படி குற்றமாகாது எனினும், அயலான் நோயுற்றுக் கிடக்கையில் அவன் வேலியைத் தள்ளி நட்டதற்கு நிகராம். மேலும், பெயரைப் பெறுபவர் தளத்தை மட்டும் பெறுவதில்லை. அப்பெயரில் அமைந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு வரும் கடிதங்களையும் பெறும் ஆற்றல் அவர்க்கு உண்டாகின்றது. வங்கியும் பிறரும் பழைய உடையவர்க்கு விடுக்கும் மறைமொழிகள் புதியவர் கையிற் சேரக்கூடும். தீயோர் இவ்வாயிலைத் தேடித் திரிகின்றனர். ஒரு காலத்தில் பள்ளியோ, கோயிலோ, சங்கமோ நடத்திய தளத்தின் பெயரில் இன்று சூதாட்ட விளம்பரம் தோன்றுதலை நாம் காண்பது இவ்வாறு நேர்ந்ததே.

மறதி எளியோர்க்கு மட்டும் உரியதன்று. 1999-ஆம் ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாப்ட் என்னும் பெருநிறுவனமே தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்க மறந்தது. அதனால் ஹாட்மெயில் பயன்படுத்துவோர் பலர் தம் கடிதங்களைக் காண இயலாது தவித்தனர். நிரலாளர் ஒருவர் தம் பணம் 35 டாலரைக் கட்டி அந்நிறுவனத்தின் பொருட்டே அதனைப் புதுப்பித்துக் கொடுத்தார். தமக்கென எடுத்துக்கொள்ள முயலாது அவர் செய்த அச்செயலை அறிந்தோர் இன்றும் பாராட்டுகின்றனர்.

உடையவரை நாடும் முறை

ஆதலின் முதற்கண் செய்யத்தக்கது, காலம் முடியுமுன்னரே உடையவரை நாடிக் கேட்டலாம். அதன் படிகளை முறையே கூறுவோம்.

முதற்படி ஏட்டைப் பார்த்தல். எந்தப் பெயர்க்கும் பதிவாளர் யார், தொடங்கிய நாள் எது, முடியும் நாள் எது, இப்பொழுதைய நிலை யாது என்பவற்றை எவரும் கட்டணமின்றிக் காணலாம். நெடுங்காலம் ஹூ ஈஸ் என்னும் முறையால் இது நடந்தது. பொது ஈறுகளுக்கு 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் ஆர்.டி.ஏ.பி. என்னும் புதிய முறை அதன் இடத்தைப் பெற்றது. முன்னர் உடையவரின் பெயரும் முகவரியும் வெளிப்படையாகத் தெரிந்தன. ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அவை பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. ஆயினும் உடையவர்க்குச் செய்தி அனுப்ப ஒரு படிவத்தையோ மறைமுக முகவரியையோ பதிவாளர் அமைத்தல் வேண்டும். அவ்வழியாக எழுதலாம்.

இரண்டாம் படி பெயரின் பழைய வாழ்வை ஆராய்தல். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நூலகம் 1996 முதல் தளங்களின் படிகளைச் சேமித்து வருகின்றது. அதிற் பார்த்தால், அப்பெயர் முன்னர் எதற்குப் பயன்பட்டது என்பது விளங்கும். இழிதொழிலுக்குப் பயன்பட்ட பெயராயின் தேடுபொறிகளும் மின்னஞ்சல் நிலையங்களும் அதனை ஐயுறும். அப்பெயரை விரும்பாது விடுதலே நன்று.

மூன்றாம் படி கடிதம் வரைதல். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். நாம் யார், எதன் பொருட்டுக் கேட்கின்றோம், என்ன தருவோம் என்னும் மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். மாணவர் சங்கம் கேட்கின்றது என்றால் அதனை மறையாது கூறுக. ஏழையாக நடித்தலும் வேண்டா; செல்வராக நடித்தலும் வேண்டா. காலம் முடியப் போகின்றது என்பதை அச்சுறுத்தலாகக் கூறாது, அறிவிப்பாகக் கூறுதல் பண்பு.

நான்காம் படி பணமும் பெயரும் கைம்மாறுதல். பணம் முன்னரா, பெயர் முன்னரா என்னும் ஐயம் இருபாலார்க்கும் உண்டு. இதனைத் தீர்க்க எஸ்க்ரோ என்னும் முறை உள்ளது. இருவர்க்கும் பொதுவான நடுவர் ஒருவரிடம் பணத்தை ஒப்படைத்து, பெயர் வாங்குவோர் கைக்கு வந்தபின் அதனை விற்பவர்க்கு விடுவிப்பது அம்முறை. சிறுதொகையாயின் அறிமுகமானோர் எழுத்தால் உடன்பட்டுச் செய்துகொள்ளலாம்.

ஐந்தாம் படி மாற்றுதல். உடையவர் தம் பதிவாளரிடம் பெயர்க்கு இடப்பட்ட பூட்டைத் திறந்து, மாற்றத்திற்குரிய மறைச்சொல்லைப் பெற்று வாங்குவோரிடம் கொடுத்தல் வேண்டும். கேட்ட 5 நாட்களுக்குள் பதிவாளர் அதனைக் கொடுத்தாக வேண்டும். வாங்குவோர் தம் பதிவாளரிடம் அச்சொல்லைச் செலுத்திப் பெயரை வரவழைப்பர். அதற்கும் 5 நாட்கள் வரையில் ஆகலாம். புதிதாகப் பதிவானதோ, அண்மையில் இடம் மாறியதோ ஆன பெயரைப் பெரும்பாலும் 60 நாள் வரையில் வேறு பதிவாளரிடம் கொண்டுசெல்ல விடமாட்டார்கள். இருவரும் ஒரே பதிவாளரிடம் கணக்கு வைத்திருப்பின், ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றிற்குத் தள்ளிவிடுதல் எளிது. எவ்வழியாயினும், இறுதியில் பெயர் வாங்குவோர் கணக்கிற்கு வந்து சேர்ந்துள்ளமையைச் சரிபார்த்த பின்னரே நடுவரிடமுள்ள பணத்தை விடுவித்தல் வேண்டும்.

மாணவர் சங்கத்தின் அனுபவம் ஒன்று

இவ்விதிகளை நாம் ஏட்டுச்சுரைக்காயாகக் கற்கவில்லை. நம் தமிழ் மன்றத்தின் பழைய மலர்களைப் படியெடுத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் இணையத்தளத்தில் ஏற்றி வைத்தவர் பழைய மாணவர் ஒருவர். பொருளும் உழைப்பும் அவருடையவை. பெயரும் அவர் பெயரிலேயே பதிவாகியிருந்தது. சென்ற ஆண்டு அப்பெயரின் காலம் முடிய இரு திங்களே இருந்தமையை நாம் ஏட்டிற் கண்டோம். பதிவாளரின் படிவத்தின் வழி இருமுறை எழுதினோம், மறுமொழி இல்லை. அவர்க்கு இனி அதில் விருப்பம் இல்லை போலும், காலம் கழியட்டும், பின்னர் எடுத்துக்கொள்வோம் என்று மன்றத்தாருள் சிலர் கூறினர்.

நாம் பழைய மாணவர் பதிவேட்டைத் தேடி, மயிலாப்பூரில் அவர் குடியிருந்த முகவரிக்கு அஞ்சலிற் கடிதம் விடுத்தோம். அது அடையாற்றிலுள்ள அவர் மகள் வீட்டிற்குத் திருப்பி அனுப்பப்பெற்று, இரு கிழமைகளில் மறுமொழி வந்தது. செய்தி இதுவே: பெயரைப் பதிந்தபோது தாம் பணியாற்றிய அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரியை அவர் கொடுத்திருந்தார். ஓய்வு பெற்றபின் அம்முகவரி மூடப்பட்டது. பதிவாளர் விடுத்த அறிவிப்புகளும் நாம் எழுதிய கடிதங்களும் வாசிப்பார் இல்லாத அவ்வஞ்சற்பெட்டிக்கே சென்றுகொண்டிருந்தன. அவரோ தளம் நன்றாக நடைபெறுகின்றது என்றே நம்பியிருந்தார். நேரிற் சென்றபோது, தம் அடையாளச் சான்றுகளைப் பதிவாளர்க்குக் காட்டி முகவரியைத் திருத்தினார். தம் கையாலேயே புதுப்பித்து, மன்றத்தின் பெயர்க்கு மாற்றிக் கொடுத்தார். விலை கேட்டோம், வரும் மலரின் ஒரு படி போதும் என்றார்.

இதனால் நாம் அறிந்தது ஒன்று. மறுமொழி வாராமை விருப்பமின்மைக்குச் சான்றாகாது. பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே இருப்பவர் பேச மறுத்தார் என்று கூறுதல் பொருந்துமோ? மற்றோர் உண்மையும் விளங்கிற்று. ஒரு சங்கத்தின் பெயர் ஒருவர் பெயரில் மட்டும், ஒரே முகவரியை நம்பி, நின்றிருத்தல் ஆகாது.

விலை

உடையவர் எல்லாரும் ஒரு மலருக்கு இசைவார் என்று எண்ணுதல் பேதைமை. பெயரின் மதிப்பு அதனை வேண்டுவோரின் வேட்கையால் அமைகின்றது. இந்திய நாட்டில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு 1999-ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்தது. பின்னாளில் தரமணி டைடல் பூங்காவிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம், ராஜேஷ் ஜெயின் என்பார் நடத்திய இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்க உடன்பட்டது. சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி முதலிய தளங்கள் அதனுள் அடங்கும். செய்தி, தேடல், விளையாட்டு, சமையல் எனப் பொருளை உடனே உணர்த்தும் காரணப் பெயர்கள் அவை. பெயரோடு வாசகரும் வந்தமையால் அத்தொகை கொடுக்கப்பட்டது. வாசகரற்ற வெறும் பெயர்க்கு அத்தகைய விலை கேட்போர், பயிரிடாத நிலத்திற்கு அறுவடை விலை கேட்போரே யாவர்.

நீதிமன்றத்தின் கருத்து

உடையவர் நமக்கே உரிய பெயரைத் தீய எண்ணத்தோடு பதுக்கி வைத்திருப்பாராயின் என் செய்வது? அதற்கும் வழியுண்டு. பொது ஈறுகளுக்கு ஐகான் 1999-இல் ஒரு தீர்வுமுறையை ஏற்படுத்தியது. முறையிடுவோர் மூன்றனை மெய்ப்பித்தல் வேண்டும்: பெயர் தம் வணிகக் குறியை ஒத்தது, எதிரிக்கு அதில் நேரிய உரிமை இல்லை, தீய எண்ணத்தோடு பதியவும் பயன்படுத்தவும் பட்டது. டாட் இன் பெயர்களுக்கு இதனை ஒத்த முறை 2005-இல் வந்தது.

இந்திய உச்ச நீதிமன்றம் இப்பொருள் பற்றித் தெளிவான தீர்ப்புக் கூறியது நம் நகரத்து நிறுவனத்தின் வழக்கிலேயே ஆகும். மேற்கூறிய சத்யம் இன்ஃபோவே தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்துச் சிஃபி என்னும் சொல்லைப் புனைந்து, 1999-இல் சிஃபிநெட் முதலிய பெயர்களைப் பதிந்தது. வேறொரு நிறுவனம் 2001 முதல் சிஃப்பிநெட் என ஓரெழுத்து மிகுத்துப் பதிந்து வணிகம் செய்தது. பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் தடையை மீண்டும் நிலைநாட்டியது. இணையப் பெயர் வெறும் முகவரியாக மட்டும் நில்லாது, வணிகத்தை அடையாளம் காட்டும் குறியாகவும் விளங்குகின்றது. ஆதலின், பிறர் பொருளைத் தன் பொருளாகக் காட்டி விற்பதைத் தடுக்கும் சட்டநெறி இதற்கும் பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இலக்கணம் பயில்வோர்க்கு இவ்வழக்கில் சுவை மிகவுண்டு. சிஃபி என்பது அகராதியில் இல்லாத, புனைந்த சொல், இடுகுறி போல்வது. மற்றொருவர் அச்சொல்லைத் தற்செயலாக எண்ணிப் படைத்தார் என்றல் நம்புதற்கு அரிது. நூல், பள்ளி, சமையல் போன்ற பொதுச்சொற்களையோ ஒருவர் தமக்கே உரியவை என்று வழக்காடுதல் கடினம். இடுகுறி காரணம் என்னும் பாகுபாடு பழைய ஓலைச்சுவடியோடு நின்றுவிடாது, நீதிமன்றத்திலும் பயன்படுகின்றது என்றறிந்து நாம் வியந்தோம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காலம் முடியும் இணையப் பெயரைப் பெறுதற்குச் சிறந்த வழி உடையவரை முன்னரே நாடிக் கேட்டலே என்பதும், ஏலமும் காத்திருப்பும் அதன்பிற்பட்டவை என்பதும், வழக்கு இறுதியிலேயே நாடத்தக்கது என்பதும் பெறப்படும். பெயரைப் பெற்றபின் அதனைக் காத்தலும் அத்துணைப் பெரும்பணியே. சங்கங்களும் பள்ளிகளும் தம் பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது, எந்நாள் முடிகின்றது, அறிவிப்பு எந்த முகவரிக்கு வருகின்றது என்னும் மூன்றனையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையோடு சேர்த்துப் படித்தல் நன்று. இயலுமாயின் பல ஆண்டுகளுக்கு ஒருங்கே புதுப்பித்தலும், பொறுப்பாளர் இருவர் முகவரிகளைக் கொடுத்தலும் வேண்டும்.

ஓலைச்சுவடிகள் செல்லரித்து அழிந்தமையை எண்ணி நம் ஆசிரியர்கள் வருந்துவர். அச்சுவடிகளைத் தின்றது செல். இணையத்தில் ஏற்றிய நூல்களையோ, ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவான கட்டணத்தைச் செலுத்த மறந்த ஒரு நாள் தின்றுவிடக்கூடும். பழைய மாணவர்களாகிய பெரியோர் தாம் ஏற்றிவைத்த தமிழ்த்தளங்கள் ஏதேனும் உளவாயின், இன்றே ஏட்டைப் பார்த்து அவற்றின் முடிவுநாளை அறிந்து கொள்வார்களாக. தொடர்ந்து பேண இயலாதவர், காலம் முடியுமுன் கல்லூரிக்கு ஒரு வரி எழுதுவார்களாக. ஏற்றுப் பேணுதற்கு இளைஞர் இருக்கின்றனர்.